மின்னளவு காட்டும் கேபிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டுத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் பசுமை பூண்டு விளங்கும் கேமரன் மலையில், இன்று கைப்பேசி இல்லாத ஒரு லயத்து வீட்டைக் காண்பது அரிது. பிள்ளையின் பள்ளிச் செய்தியும், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளின் குரலும், கடல் கடந்து வந்து கொழுந்தெடுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளி தன் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்த ஒரு கருவியையே ஆதாரமாகக் கொண்டிருப்பதனால், அதற்கு மின்னூட்டும் கேபிளைத் தேர்ந்து வாங்குவது அற்ப விஷயமன்று. அண்மைக் காலத்தில், தலைப்பகுதியில் சிறு திரை ஒன்றைப் பதித்து, பாயும் மின்சக்தியை ‘18’ என்றும் ‘27’ என்றும் வாட் கணக்கில் காட்டும் கேபிள்கள் இரவுச் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பாடுபட்டுச் சேர்த்த வெள்ளியைக் கொடுத்து வாங்குமுன், அந்த எண்ணைச் சூழ்ந்துள்ள அபிப்பிராயங்களைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நம்பிக்கை: எண் காட்டும் கேபிள் மற்றக் கேபிளை விட வேகமாக ஏற்றும்.

உண்மை: திரை சக்தியை அளக்கிறதேயன்றிப் பெருக்குவதில்லை. எவ்வளவு சக்தி பாய வேண்டும் என்பது சார்ஜரும் கைப்பேசியும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டினால் முடிவாகிறது. சார்ஜர் தன்னால் இயன்ற அளவுகளை அறிவிக்க, கைப்பேசி தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற, கேபிள் தன் கொள்திறனுக்குட்பட்ட மட்டும் அதனைச் சுமந்து செல்கிறது. இம்மூன்றில் எது குறைந்த திறனுடையதோ அதுவே எல்லையை வகுப்பதனால், 18 வாட் மட்டுமே ஏற்கும் கைப்பேசிக்கு 100 வாட் கேபிளைப் பூட்டினாலும் கிடைப்பது 18 வாட்தான்.

நம்பிக்கை: உறையில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால் 100 வாட் வந்தே தீரும்.

உண்மை: 100 வாட் என்பது 20 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம். ‘பவர் டெலிவரி’ என்னும் பொது விதிமுறைப்படி, இரு முனையும் டைப்-சி ஆக அமைந்த கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் செலுத்த வேண்டுமாயின், அதன் தலைக்குள் ‘இ-மார்க்கர்’ என்னும் அடையாளச் சில்லு இருத்தல் அவசியம். அது இல்லையேல் சார்ஜர் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், அஃதாவது 20 வோல்ட்டில் 60 வாட். 2021-ஆம் ஆண்டில் இவ்விதிமுறை 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 வாட் வரை விரிவு பெற்றது. முறையான சான்று பெற்ற டைப்-சி கேபிள்களில் 60 அல்லது 240 வாட் முத்திரையைக் காணலாம். ஒப்போ, ஹுவாவே முதலிய நிறுவனங்களின் அதிவேக முறைகளோ தத்தமக்கென்று தனி விதிமுறை கொண்டவை. அவற்றுக்கேற்ற சார்ஜரும் கேபிளும் சேர்ந்தாலன்றி, திரையில் பெரிய எண் தோன்றும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நம்பிக்கை: எண் இறங்கினால் கேபிள் பழுதாகிவிட்டது.

உண்மை: லித்தியம் மின்கலம் வெறுமையாக இருக்கும்போது மிகுதியாக ஏற்று, நிறைவை நெருங்க நெருங்கத் தானே குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. 20 சதவீதத்தில் 25 வாட் காட்டிய திரை 85 சதவீதத்தில் ஒற்றை இலக்க எண்ணுக்கு இறங்குமாயின், அது கைப்பேசி தன் மின்கலத்தைப் பாதுகாத்துக்கொள்ளும் விவேகமேயன்றிப் பழுதன்று. கருவி சூடேறினாலும் இதுவே நிகழும். ஆதலின் கேபிளைச் சோதிக்க விரும்புவோர், மின்னூட்டம் தாழ்ந்திருக்கும் சமயத்திலேயே சோதித்தல் வேண்டும்.

நம்பிக்கை: திரையில் தோன்றும் சக்தி முழுவதும் மின்கலத்தில் சேர்கிறது.

உண்மை: திரை காட்டுவது அந்த இடத்தைக் கடந்து செல்லும் சக்தியை. அதில் ஒரு பகுதி கைப்பேசியின் உள்ளே வெப்பமாகக் கழிகிறது. ஏற்றிக்கொண்டே காணொளி பார்த்தால் இன்னொரு பகுதி அதற்குச் செலவாகிறது. கேபிளுக்குள் நேரும் இழப்போ தனிக் கதை. போகவர 0.2 ஓம் மின்தடையுள்ள ஒரு கேபிளில் 15 வாட் சக்தியை 5 வோல்ட், 3 ஆம்பியராக அனுப்பினால் 1.8 வாட் வீணாகிறது. அதே 15 வாட்டை 15 வோல்ட், 1 ஆம்பியராக அனுப்பினால் வீணாவது 0.2 வாட் மட்டுமே. மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைய, இழப்பு ஒன்பதில் ஒன்றாகிறது. கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டின் சுல்தான் அபூபக்கர் அணையில் தேங்கும் நீர் சுரங்க வழியே இறங்கி ஜோர் நிலத்தடி மின்நிலையத்தில் மின்சாரமாகப் பிறந்த உடனே அதனை உயரழுத்தத்திற்கு ஏற்றிக் கோபுரக் கம்பிகளில் அனுப்புவதற்கும் காரணம் இதே பௌதிக விதிதான். மெல்லிய கம்பியுடைய நீண்ட கேபிள் ஏன் மந்தமாக ஏற்றுகிறது, தடித்த கம்பியுடைய குறுகிய கேபிள் ஏன் சிறந்தது என்பதற்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை: மலைக்குளிரில் மின்னூட்டம் கெடும்.

உண்மை: லித்தியம் மின்கலத்தை ஏற்றும்போது அதற்குத் தீங்கு செய்வது பனி உறையும் பூஜ்ய பாகைக்குக் கீழான குளிரே. இரவில் 15 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கும் கேமரன் மலையின் குளுமை, சமவெளியின் வெக்கையை விட மின்கலத்திற்கு உகந்தது. இங்கே அஞ்ச வேண்டியது ஈரம். மூடுபனியிலும் மழையிலும் கொழுந்துக் காட்டில் நனைந்த கைப்பேசியை உடனே கேபிளில் பூட்டினால், முனைத்துளையின் நுண்ணிய உலோகத் தொடுமுனைகள் அரிக்கப்படும். திரையில் எண் தோன்றுவது உள்ளே ஈரமில்லை என்பதற்குப் பிரமாணமாகாது. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலர விட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நன்று. அரிசியின் துகள்கள் கருவிக்குக் கேடு செய்யக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

நம்பிக்கை: அளவு காட்டுவதனால் இது பாதுகாப்பான கேபிள்.

உண்மை: உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய 230 வோல்ட் மின்சாரம் நிற்கும் இடம் சுவரிலுள்ள சார்ஜர், அதன் உள்ளே காப்பு சரியாக அமைந்திருக்கிறதா என்பதை மறுமுனையிலுள்ள திரை ஒருபோதும் அறியாது. மலேசியாவின் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் உடைய சார்ஜரைத் தேடி வாங்குவதே மெய்யான பாதுகாப்பு. கைக்குச் சுடும் தலையும், வெடிப்புற்ற மேலுறையும், ஆடும் முனையும் உடைய கேபிள் எத்தனை பெரிய எண்ணைக் காட்டினாலும் குப்பைக்கே உரியது.

அங்ஙனமாயின் இந்தத் திரையினால் பிரயோஜனமே இல்லையா? உண்டு. வீட்டில் நான்கைந்து சார்ஜர்கள் குவிந்து கிடக்க, எது நல்லது, எது நலிந்தது என்று தெரியாமல் தடுமாறுகிறவருக்கு இது உண்மையான உபகாரம் செய்யும். ஒரே கைப்பேசியை, ஏறக்குறைய ஒரே மின்னூட்ட நிலையில், ஒவ்வொரு சார்ஜரிலும் பூட்டிப் பார்த்தால், குறைந்த எண் எதனால் என்பது விளங்கிவிடும். ஒன்றுக்கொன்று ஒப்பிடுவதற்கு அந்த எண் போதும். துல்லியமான அளவுகோலாக அதனைக் கொள்ளுதல் ஆகாது. ஒரே சார்ஜரும் ஒரே கைப்பேசியும் உடைய குடும்பமோ திரைக்கென்று அதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை. அந்தப் பணத்தை முத்திரை பெற்ற சார்ஜருக்கும், கைப்பேசியின் தேவைக்கேற்ற ஆம்பியர் அளவு குறிக்கப்பட்ட, ஒரு மீட்டருக்கு மேற்படாத தடித்த கேபிளுக்கும் செலவிடுவார்களாயின், ஒவ்வோர் இரவும் அதன் பயனை அனுபவிப்பார்கள்.