பழைய பிஸ்டலுக்குப் புது ஸ்பிரிங்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்டெயர் எல்பி-10 ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். வேறொருவர் பல வருடம் சுட்ட பிஸ்டல் என்று மனம் சுணங்காதே. அதன் பேரல் உன் காலத்துக்கும் வரும். தேய்வதெல்லாம் சின்னச் சாமான்கள்தான். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 ஷாட் சுட வேண்டும். இந்தியாவின் மனு பாக்கருக்கு இன்னும் 44 ஷாட் பாக்கி இருந்தபோது அவருடைய பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்துபோனது. வெளியே கொண்டுபோய்ச் சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணிநேரத்துக்கும் மேல் ஓடிவிட்டது. கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. மீதியை அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார், 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைந்தது. அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை. மாற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இன்னொரு பிஸ்டல் என்றால் கிரிப் வேறு, டிரிகர் வேறு, சைட் வேறு. கை அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

அதனால் உனக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: மாட்டிச் சுட்டுப் பார்க்காத ஸ்பேர், ஸ்பேர் ஆகாது. ஓ-ரிங்கோ டிரிகர் ஸ்பிரிங்கோ வாங்கியதும் டப்பாவில் போட்டு மூடிவிடாதே. புதியதை பிஸ்டலில் மாட்டு, சில நாள் சுடு. சரியாக இருந்தால் அதையே ஓடவிட்டு, கழற்றிய பழையதை, இன்னும் உயிர் இருந்தால், ஸ்பேராக வை. அப்போது டப்பாவில் இருப்பது உன் பிஸ்டலில் வேலை செய்து காட்டிய சாமான். ஒரே நேரத்தில் இரண்டு சாமானை மாற்றாதே. குரூப் விரிந்தால் எதனால் என்று தெரியாமல் தவிப்பாய்.

ஓ-ரிங் விஷயத்தில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். சிதம்பரத்திலோ கடலூரிலோ பேரிங் கடையில் அதே அளவில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று. அளவு ஒன்றாக இருக்கும், ரப்பரின் கடினம் ஒன்றாக இருக்காது. சிலிண்டர் வால்வில் நிற்பது 200 பார் அழுத்தம். மெத்தென்ற ரப்பர் அங்கே பிதுங்கிக் கிழியும். அந்த இடங்களுக்குக் கம்பெனி சாமான் தவிர வேறு எதுவும் வேண்டாம். மினரல் ஆயிலோ அது கலந்த கிரீஸோ வால்வின் பக்கமே போகக் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அந்த எண்ணெய் தீப்பிடிக்கும், வெடிக்கும். சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் தொட்டுத் துடைத்த அளவு போதும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, பெல்லட் போடும் வாயின் மேல் படியவிட்டு, தடுப்புப் பலகையை நோக்கி ஒரு ஷாட் சுடு. நாடா துள்ளினால் அங்கே இருக்கும் ஓ-ரிங் போய்விட்டது. சிலிண்டர் இணைப்பில் சந்தேகமானால் சோப்பு நுரை தடவிப் பார், குமிழ் சொல்லிவிடும். இரவு கேஜில் பார்த்த எண்ணைக் குறித்துவைத்துக் காலையில் ஒப்பிடு.

டிரிகர் ஸ்பிரிங்கை மறக்காதே. விதிப்படி ஏர் பிஸ்டல் டிரிகர் 500 கிராமைத் தூக்க வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் உன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒழுங்காகத் தூக்கும், போட்டியில் பரிசோதனை எடையில் நழுவும். அதனால் ஐந்து பத்து கிராம் கூடுதலாகவே வைத்துக்கொள், மாதம் ஒருமுறை எடையைத் தொங்கவிட்டுப் பார். அடுத்தது சிலிண்டர். அதிலேயே உற்பத்தி மாதமும் வருடமும் பொறித்திருக்கும். பழைய சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் கணக்கு. காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. பழைய பிஸ்டலோடு வந்த சிலிண்டர்தான் எனக்குக் கவலை. தேதி கடந்திருந்தால் யார் என்ன சொன்னாலும் காற்று நிரப்பாதே.

உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர்தான்; வளர்ந்தது குஜராத்தில், சுடுவது ரைஃபிள். உனக்கு வளர்வதும் சுடுவதும் குமராட்சியிலேயே. கூப்பிடு தூரத்தில் துப்பாக்கி மெக்கானிக் கிடையாது. சாமான் ஆஸ்திரியாவிலிருந்து வந்து சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடம் நிரம்பி ஊரே ஈரத்தில் ஊறும்போது துருவும் வேகமாக ஏறும். ஆகவே சாமானை முன்கூட்டியே வரவழை. ஆனால் ரப்பரை மட்டும் மூட்டையாக வாங்கிக் குவிக்காதே, அது டப்பாவிலேயே கிழமாகும். ஸ்பிரிங், ஸ்க்ரூ, லீவர் போன்ற இரும்புச் சாமான், துருப்பிடிக்காமல் காத்தால், எத்தனை வருடமானாலும் இருக்கும். இந்த மாடலுக்குப் பாகம் வருவது நின்றுபோனால், இதே மாடலில் ஓடாத ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டுவிடு; உறுப்புகளுக்காக மட்டும்.

நாளை .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கு மாறினால் கதை வேறு. 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் .22 விஷயத்தில், 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான். அவற்றுக்கு லைசென்ஸ் பெற்ற டீலரிடம் தவிர எங்கேயும் கை நீட்டாதே.

முதலில் சிலிண்டரின் தேதியைப் பார்த்து எனக்கு எழுது. அதை வைத்துத்தான் முதல் ஆர்டரில் என்னென்ன கேட்பது என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் அண்ணன்