டன்னலில் வீடியோ விடுகிறாயா? முதலில் ஹெட் ஆபீஸ் லைனைக் கணக்குப் போடு!

தம்பி, நாளை மறுநாள் எம்டி பேசுவது எல்லா ப்ராஞ்சிலும் லைவாகத் தெரியணும் என்று சொல்லிவிட்டார்களா? "மல்டிகாஸ்ட்தானே அக்கா, ஒரே ஸ்ட்ரீம்தானே போகும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பாதே. உட்கார். இதே பேச்சைப் பேசின பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

1. கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கு

ஆபீஸ் லேனுக்குள் மல்டிகாஸ்ட் என்பது கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுவது போல. ஒரு தடவை பேசினால் எல்லோர் காதிலும் விழும். ஹப் அண்ட் ஸ்போக் விபிஎன் அப்படி இல்லை. அது வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கிற வேலை. ஒவ்வொரு கிளைக்கும் தனி டன்னல், தனிச் சாவி. அதனால் ஹப் ரவுட்டர் ஒரே பாக்கெட்டைக் கிளைக்கொன்றாகப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக என்கிரிப்ட் செய்து, எல்லாவற்றையும் அந்த ஒரே லைனில்தான் தள்ளுகிறது. ஹெட் ஆபீஸ் லைனில் மல்டிகாஸ்டால் உனக்கு ஒரு பைசா மிச்சம் கிடையாது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் 24 கிளை, 4 மெகாபிட் வீடியோ, ஹெட் ஆபீஸில் 100 மெகாபிட் லைன். 24 நான்கு 96, லைனுக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஜிஆர்இ, ஐபிசெக் தலைப்புகளுக்காக ஏறும் எடையை யாரும் சேர்க்கவில்லை. பத்து சதவீதம் என்று வைத்தாலே 105-ஐத் தாண்டிவிடும். பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அடுத்து ஐபி போன் குரல் விட்டுவிட்டு வந்தது, பில்லிங் நின்றது. ரூட்டிங் ஹலோ பாக்கெட்டுகளும் தொலைய, கிளைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வீடியோ போவது யுடிபி. லைன் திணறுகிறதே என்று அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போகும்.

ஆகவே, பிட்ரேட் × கிளைகள் × 1.1. இது ஹப்பின் அப்லோடில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்லோடைப் பார், டவுன்லோடை அல்ல! பிராட்பேண்ட் பிளானில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் டவுன்லோட்தான்.

2. பிட்ரேட்டைக் குறை

ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவதற்கு 720பி, 1.5 முதல் 2 மெகாபிட் போதும். என்கோடரில் 1 மெகாபிட் குறைத்தால் ஹப்பில் 24 மெகாபிட் குறையும். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. நிலையான பிட்ரேட்டில் வை. மாறும் பிட்ரேட்டில் வைத்தால், காட்சி மாறும்போது வரும் பெரிய ஃபிரேம் 24 பிரதியாக ஒரே நொடியில் வெளியே வந்து விழும்.

3. பாக்கெட் அளவைத் தொடாதே

எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் 188 பைட் துண்டுகள் ஏழு சேர்ந்தால் 1316. யுடிபி, ஐபி தலைப்புகளோடு 1344. டன்னல் எம்டியு 1400 என்றால் உடையாமல் போய்விடும். என்கோடரில் யாராவது அதைக் கூட்டிவைத்தால் பாக்கெட் இரண்டாக உடையும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுசும் போச்சு. "எம்எஸ்எஸ் குறைத்துவிட்டேனே அக்கா" என்று சொல்லாதே. அது டிசிபிக்கு மட்டும்தான், வீடியோவுக்கு உதவாது.

4. கேட்டவனுக்கு மட்டும் கொடு

- பிம் ஸ்பார்ஸ் மோட் போடு. டென்ஸ் மோட் யார் வேண்டாம் என்றாலும் சில நிமிடத்துக்கொரு தடவை எல்லாக் கிளைக்கும் கொட்டிப் பார்க்கும்.
- டிஎம்விபிஎன் என்றால் ஹப் டன்னலில் பிம் என்பிஎம்ஏ மோட் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஹப்புக்கு எல்லாக் கிளையும் ஒரே இன்டர்ஃபேஸ். ஒரு கிளை கேட்டால் எல்லோருக்கும் போகும்.
- ஆர்பியை ஹப்பிலேயே வை.
- ஏதாவது ஒரு கிளையிலிருந்து பேசப் போகிறார்களா? கிளைக்குக் கிளை நேர் டன்னல் இருந்தாலும் மல்டிகாஸ்ட் அதில் போகாது. ஹப்புக்கு ஏறித்தான் இறங்கும். பேசுகிற கிளையின் அப்லோடையும் பார்த்து வை.

5. குரலுக்கு முதலிடம்

ஒவ்வொரு டன்னலுக்கும் அந்தக் கிளையின் லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஷேப்பிங் போடு. போன் குரல் முதல் வரிசை, வீடியோவுக்குத் தனி வரிசை, அதற்கும் ஒரு வரம்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. என்கிரிப்ட் ஆன பிறகு பாக்கெட் வரிசை மாறினால், மறுமுனையில் ஐபிசெக்கின் ஆன்டி ரீப்ளே சோதனை பின்தங்கிய பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஜன்னல் அளவு சாதாரணமாக 64 என்றுதான் இருக்கும். 1024 ஆக்கு. லைன் காலியாக இருந்தும் படம் உடைந்தால் முதலில் இதைப் பார்.

6. கிளைக்குள்ளும் எட்டிப் பார்

ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இல்லையென்றால் வீடியோ எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். வைஃபையில் இன்னும் மோசம். மல்டிகாஸ்டை அங்கே குறைந்த வேகத்தில்தான் அனுப்புவார்கள், அது காற்று நேரத்தையெல்லாம் தின்றுவிடும். டிவி பெட்டிக்கு ஒயர் இழு.

7. டிடிஎல்

அனுப்பும் மென்பொருள் பலவற்றில் டிடிஎல் 1 என்றுதான் இருக்கும். முதல் ரவுட்டரிலேயே செத்துவிடும். டன்னலைக் குடைந்து அரைநாளை வீணாக்காதே, 16 என்று மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்.

8. லைவ் வேண்டுமா என்று கேள்

கூச்சப்படாமல் கேள். சுற்றறிக்கை மாதிரியான பேச்சு என்றால், பதிவு செய்து ராத்திரியில் கோப்பாகக் கிளைக்கு இறக்கிவிடு. காலையில் அங்கேயே ஓடும். ஒரு துளி உடையாது.

கடைசியாக ஒன்று. இரண்டு கிளையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "டெஸ்ட் ஓகே" என்று மெயில் போடாதே. முந்தின நாள், பில்லிங் மும்முரமாக இருக்கும் நேரத்தில், அத்தனை கிளையையும் பத்து நிமிடம் சேரச் சொல். ஹப்பின் வெளிப் போர்ட்டில் அவுட்புட் டிராப் ஏறுகிறதா என்று நீயே உட்கார்ந்து பார். ஏறினால் அன்றைக்கே பிட்ரேட்டைக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போ.