ஆறு பலகையைக் காலியாக விடுங்கள்

கேள்வி: எங்கள் வரலாற்று ஆர்வலர் குழு ஆற்றுப்பாசனம் பற்றி ஒரு கண்காட்சி தயாரித்திருக்கிறது. 24 படப் பலகைகள், கல்வெட்டு மைப்படிகள், ஏற்றத்தின் மாதிரி ஒன்று. சிற்றூர்களுக்குக் கொண்டுபோக ஆசை. நூலகம், பள்ளி, கல்யாண மண்டபம் என்று 11 இடங்களில் கடிதம் கொடுத்தோம். எல்லோரும் "பார்க்கலாம்" என்றதோடு சரி. எங்கே தவறு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி அருகே

பதில்: நீங்கள் இணைத்திருந்த கடித நகலைப் படித்தேன். இரண்டு பக்கமும் சோழர் காலப் பாசனத்தின் பெருமை. பொருள் உடைந்தால் யார் பொறுப்பு, கரண்ட் செலவு யாருடையது, ராத்திரி யார் பூட்டுவது என்று ஒரு வரி கூட இல்லை. இடம் கொடுப்பவருக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதுங்கள். சோழர்கள் பிறகு வரட்டும்.

எங்கள் கண்காட்சிக்கு இடம் கேட்டு ஒரு கிளை நூலகத்தில் நான் அரைமணி நேரம் பேசியதை நூலகர் அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கையை வைத்துக்கொண்டு, "ஆணி அடிப்பீங்களா சார்?" என்றார். அடிக்க மாட்டோம், தரையில் தானாக நிற்கும் சட்டங்கள் என்றேன். அதன்பிறகுதான் எந்த மேசையை நகர்த்தலாம் என்று பார்க்கத் தொடங்கினார். இன்னோர் ஊரில் எல்லாம் பேசி முடித்துப் போய் இறங்கினால், நான்கடி அகலப் பலகை மாடிப்படித் திருப்பத்தில் ஏறவில்லை. மூன்று நாள் தாழ்வாரத்தில் கிடந்து, சாரலில் இரண்டு பலகை உப்பிப்போனது. அன்றிலிருந்து எங்கள் பலகைகள் இரண்டரை அடிக்கு மேல் இல்லை. அளவுநாடா இல்லாமல் நான் இடம் பார்க்கப் போவதும் இல்லை.

மைப்படிகள் காகிதம் என்பதை மறக்காதீர்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஓதம் ஏறும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிறுத்துங்கள். ஓலைச்சுவடியோ செப்பேடோ கிடைத்தால் படம் எடுத்து வையுங்கள். மூலம் பயணப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1994 முதல் சிறு ஊர்களுக்கென்றே ஒரு சுற்றுக் கண்காட்சித் திட்டம் நடத்துகிறது. நூலகம், பழைய கடைக்கட்டடம் போன்ற இடங்களில் ஓர் ஊருக்குச் சுமார் 6 வாரம். வந்திறங்கும் சட்டங்களைப் பூட்டி நிறுத்துவதை உள்ளூர்க்காரர்களே கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே தங்கள் ஊர்க் கதையையும் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் உயிர் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நீங்களும் 24 பலகையில் ஆறைக் காலியாகக் கொண்டுபோங்கள். "இடம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், "உங்கள் ஊரிலிருந்து எதை வைக்கலாம்?" என்று கேளுங்கள். வாய்க்காலுக்கு முறை வைத்த பெரியவரின் படம் வரும், பரணில் கிடக்கும் இறைகூடையும் மரக்காலும் வரும். 1977 புயலுக்கு முன்பு எடுத்த குளக்கரைப் படம் ஒன்று கட்டாயம் யார் வீட்டிலாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரோடு ரசீது போட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் படம் உள்ளே இருந்தால், பூட்டுச் சாவியைப் பற்றி அந்த ஊரே கவலைப்படும்.

யாரைப் பார்ப்பது? நூலகமென்றால் முதலில் வாசகர் வட்டத்தாரை. அவர்கள் கேட்டால் மாவட்ட நூலக அலுவலரிடம் அனுமதி வாங்குவது எளிது. பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆசைப்பட்டாலும் மேலிட அனுமதி வேண்டியிருக்கும். பொதுத்தேர்வு நடக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஊராட்சிக் கட்டடமென்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தோடு அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரின் பரிந்துரை ஒன்றும் இருந்தால் எல்லாக் கதவும் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

கல்யாண மண்டபத்தை முகூர்த்த மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள், எப்படிக் கிடைக்கும்? ஆடியில் கேளுங்கள். மண்டபம் சும்மா கிடக்கும், அம்மன் கோயில்களில் கூட்டம் இருக்கும், பதினெட்டாம் பெருக்கு வேறு. காவிரிப் பாசனத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் எது? ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பலகைகளை வெளியே எடுக்காதீர்கள், அடைமழை.

இடம் கொடுக்கத் தயங்குகிறவர்களைத் திறப்பு விழாவுக்கு அழைப்பதைவிட, வேறோர் ஊரில் கண்காட்சியைப் பிரித்தெடுக்கும் நாளில் அழையுங்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் வண்டியேறிவிடுவதையும், சுவரும் தரையும் இருந்தபடியே இருப்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அந்த ஊரில் சாவி வைத்திருந்தவரே அவர்களிடம் பேசட்டும். எனக்குப் பாதி இடங்கள் அப்படிக் கிடைத்தவை.

உங்கள் பக்கத்தில் இதற்கு முன்னோடியும் உண்டு. 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் தொடங்கிக் கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோனார். தொடங்கிவைத்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். உங்கள் முதல் கண்காட்சியை மேலவாசலிலேயே வையுங்கள். அங்கே ஒரு காலிப் பலகை அந்த வண்டிக்கு. ஆனி பிறப்பதற்குள் போய்ப் பேசிவிடுங்கள்.