பேசாத் துணை

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் முகஞ்சுளிப்பது நம் நாட்டு வழக்கம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பணம் வைத்தாடிப் பாழான குடும்பங்களை ஊர்தோறும் கண்டிருக்கிறோம். திருக்குறளிலும் சூது என்றோர் அதிகாரமே உண்டு. ஆயினும் சீட்டைக் கையில் எடுப்பதெல்லாம் சூதாகிவிடாது. நினைவாற்றலும் கணக்கறிவும் துணையாக, உலக நாடுகள் பலவும் அணி திரட்டிப் போட்டியிடும் சீட்டாட்டம் ஒன்று உண்டு. பிரிட்ஜ் என்பது அதன் பெயர். 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே ஆடவர் இணையர் பிரிவில் பொற்பதக்கம் பெற்றோர் இந்தியர் இருவர்: பிரணாப் பர்தன், சிவநாத் சர்க்கார். முன்னவர்க்கு அப்பொழுது அகவை 60, பின்னவர்க்கு 56. மற்ற ஆட்டங்களில் அந்த அகவையினர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பர். இங்கோ பதக்க மேடையில் நின்றனர்.

முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தை வீட்டுத் திண்ணையில் ஆடியவர்க்குப் பிரிட்ஜின் அமைப்பு எளிதில் விளங்கும். ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்ந்தோர் துணைவர். 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 ஆகப் பங்கிடப்பெறும். ஒரு சுற்றில் நால்வரும் இடும் நான்கு சீட்டுகள் ஒரு பிடி. ஆட்டத்திற்கு முன் கேள்வி நடைபெறும். ஆறு பிடிகளுக்கு மேல் இன்னும் எத்தனை பிடிப்போம், எந்த இனம் துருப்பு என்று மாறிமாறிக் கேட்பர். 4 இஸ்பேடு என்று ஒருவர் கேட்டால், இஸ்பேடு துருப்பாகப் பத்துப் பிடிகள் எடுப்போம் என்பது பொருள். துருப்பே வேண்டா என்று கேட்பதும் உண்டு, அது நோ-டிரம்ப். உயர்ந்த கேள்வி கேட்ட இணையர்க்கு அதுவே ஒப்பந்தம் ஆகும். அவருள் ஒருவர் ஆட, மற்றவர் தம் சீட்டுகளை மேசைமேல் விரித்துவைத்துவிட்டு வாளாவிருப்பார். அவர் பெயர் டம்மி. ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் 1925-இல் பனாமாக் கால்வாய் வழியாகக் கப்பலில் சென்றபோது வகுத்த மதிப்பெண் முறையே இன்றைய ஆட்டத்திற்கு அடிப்படை.

இனி, இவ்வாட்டத்தின் உயிர்நாடியைக் காண்போம். கேள்வி கேட்பதற்கு ஒருவர்க்கு உள்ள சொற்கள் எத்தனை? ஒன்று முதல் ஏழு வரை எண்கள். நான்கு இனங்களும் நோ-டிரம்பும். பாஸ், டபிள், ரீடபிள் என்னும் மூன்று. ஆகப் பதினைந்தே சொற்கள். ஒருவர் கையில் வரக்கூடிய பதின்மூன்று சீட்டுத் தொகுதிகளோ 63,501 கோடிக்கு மேற்பட்டவை! இப்பதினைந்து சொற்களைக் கொண்டு தம் கையிலுள்ளதைத் துணைவர்க்கு உணர்த்த வேண்டும். பதினாறாவது சொல் கூடாது. புருவத்தை உயர்த்துதல், பெருமூச்செறிதல், சீட்டை ஓங்கி அடித்தல் ஆகிய யாவும் பதினாறாவது சொல்லே. திண்ணை ஆட்டத்தில் கண்ணடிப்பதும் கனைப்பதும் வேடிக்கை. போட்டி மண்டபத்தில் அவை குற்றம். அதனாலன்றோ பெரிய போட்டிகளில் வாய்திறந்து கேட்பதையே விலக்கி, கேள்வி எழுதிய அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கச் செய்துள்ளனர்! குரலின் ஏற்ற இறக்கமும் ஒரு செய்தியைச் சுமந்து செல்லும் என்பதே காரணம்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் வினவலாம். போட்டியில் நல்ல சீட்டு வந்தவர் வெல்வதில்லை. ஒருமுறை பங்கிட்ட சீட்டுகளை நான்கு அறைகள் கொண்ட தட்டில் இட்டு, மேசைக்கு மேசை கொண்டுசெல்வர். அத்தட்டிற்குப் போர்டு என்று பெயர். நீங்கள் ஆடிய அதே சீட்டுகளை அடுத்த மேசையில் உங்கள் திசையில் அமர்ந்தவரும் ஆடுவர். யார் அவற்றைத் திறம்பட ஆடினர் என்பதே கணக்கு. சீட்டு வரவின் நல்லூழும் தீயூழும் இவ்வாறு நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது அறிவு ஒன்றே. அங்கே ஒருவர் களவாக ஒரு செய்தி பெற்றால், அதே சீட்டுகளை நேர்மையாக ஆடிய அத்தனை பேரையும் ஏமாற்றியவர் ஆகிறார்.

போட்டியின் வகையறிந்து ஆடுதல் வேண்டும். இதனைப் புதியோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 3 நோ-டிரம்ப் ஒப்பந்தத்தில் ஒன்பது பிடிகள் எடுத்தால் 400 மதிப்பெண். பத்து எடுத்தால் 430. ஒன்று குறைந்தால் 50 இழப்பு. இணையர் போட்டியில் எத்தனை இணையரை முந்தினோம் என்பதே கணக்காதலின், எல்லாரும் 400 பெற்ற இடத்தில் 430 பெற்றவர் முதலிடம் பெறுவர். அந்த முப்பதுக்காகச் சிறிது துணியலாம். அணிப் போட்டியிலோ வேறுபாட்டின் அளவே எண்ணப்பெறும். 30 வேறுபாட்டிற்கு 1 புள்ளி. ஒப்பந்தம் முறிந்து 450 வேறுபட்டால் 10 புள்ளி. ஒன்றைப் பெறப் பத்தைப் பணயம் வைப்பவர் கணக்கறியாதவரே.

கேள்வி மரபுகளைப் பற்றி ஒரு சொல். முப்பது மரபுகளை ஏட்டில் படித்து, போட்டியன்று அவற்றுள் பத்தை மறப்பவர் பலர். துணைவர் இருவரும் ஐயமின்றி அறிந்த ஆறேழு மரபுகள் போதும். அவற்றையும் மறைத்து வைத்தல் கூடாது. நம் கேள்விக்கு நமக்குள் என்ன பொருள் என்பதை எதிரணியினர் கேட்டால் தெளிவுறச் சொல்வது நம் கடமை. துணைவரோடு மறைமொழி பேசுவதற்கு இங்கு இடமில்லை.

எல்லாவற்றினும் கடினமானது காலத்தைக் கொண்டு பேசாதிருத்தல். ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. நீங்கள் 1 இஸ்பேடு கேட்கிறீர்கள். இடப்பக்கத்தார் தாவி 4 ஆர்ட்டின் கேட்கிறார். உங்கள் துணைவர் அரை நிமிடம் கூரையை நோக்கிச் சிந்தித்துவிட்டுப் பாஸ் என்கிறார். வலப்பக்கத்தாரும் பாஸ். உங்கள் கையோ நடுத்தரமானது. 4 இஸ்பேடு கேட்கலாமா? துணைவர் உடனே பாஸ் என்றிருந்தால் நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் தயங்கியதால், அவரிடம் ஏதோ இருக்கிறது என்று இப்பொழுது அறிவீர்கள். அவ்வறிவு உங்களுக்கு உரியதன்று. விதி அதனைப் பயன்படுத்துவதை விலக்குகிறது. நீங்களும் பாஸ் சொல்லவே வேண்டும். வெல்லும் வழி கண்முன் தெரிந்தும், அது முறையற்ற வழியில் தெரிந்தது என்பதற்காக விலகி நிற்றல் எளிதா? துணைவர் சிந்திப்பது குற்றமன்று. சிந்தனையின் நிழலில் நாம் ஒதுங்குவதே குற்றம். இயன்ற அளவு ஒரே சீரான காலத்தில் கேட்டுப் பழகுவோர் தம் துணைவரை இத்தகைய இக்கட்டில் சிக்கவைப்பதில்லை.

ஐயம் எழுந்தால் நடுவரை அழைத்தல் வேண்டும். நடுவரை அழைப்பது எதிரணியைத் திருடர் என்று கூறுவதாகச் சிலர் கருதிச் சினங்கொள்வர். அது தவறு. தவறிச் சீட்டு விழுந்தாலும், முறை மாறி ஆடினாலும் நடுவரே தீர்வு சொல்லவேண்டும். ஆடுவோர் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளல் ஆகாது.

உலகப் புகழ் பெற்றோரும் இச்சோதனையில் ஐயத்திற்கு ஆளாகியதுண்டு. 1965-இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், இங்கிலாந்து இணையர் ஒருவர் சீட்டுகளைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆர்ட்டின் சீட்டுகளின் தொகையை அறிவித்தனர் என்று குற்றஞ்சாட்டப்பெற்றனர். உலகக் கூட்டமைப்பு குற்றம் உண்டு என்றது. இங்கிலாந்தில் நடந்த விசாரணை அது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் துணைவர் ஒருவரையொருவர் காணாவண்ணம் மேசையின் குறுக்கே திரை நிறுத்தினர். முகம் மறைந்தது, கால்கள் மறையவில்லை! மேசைக்கடியில் ஓர் இணையர் காலால் தட்டினர் என்ற புகார் எழுந்து, அவர்கள் கண்டிக்கப்பெற்றனர். பின்னர் மேசைக்கடியிலும் தடுப்பு வந்தது. 2015-இல் நார்வே நாட்டு ஆட்டக்காரர் போயே புரோகெலாந்து, முன்பு தம் அணியில் ஆடிய இணையர்மீதே குற்றஞ்சாட்டினார். அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களைத் தாமும் துறப்பதாக அறிவித்தார். திரையும் அட்டையும் வந்த பின்னரும், போர்டை மேசைமேல் எந்த இடத்தில் வைப்பது என்பதையே குறியாக்கினர் என்று ஆட்டங்களின் காணொளிகளை ஆராய்ந்தோர் கூறினர். ஒரு கதவை அடைத்தால் மற்றொரு சாளரம் திறக்கிறது.

இணையத்தில் ஆடுவதற்கு வருவோம். 2001-இல் தோன்றிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் முதலிய தளங்களால் ஊர்விட்டு ஊர் செல்லாமலே ஆட முடிகிறது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் மன்றங்கள் மூடப்பட்டபோது போட்டிகளே அங்குக் குடிபெயர்ந்தன. பொறி பல தவறுகளைத் தானே தடுக்கிறது. கையில் இனம் இருக்க வேறு இனம் ஆட விடாது. முறை மாறி ஆட விடாது. மதிப்பெண்ணையும் தானே போடும். மண்டபத்தில் உங்கள் கேள்வியின் பொருளைத் துணைவர் விளக்குவார். இணையத்தில் நீங்களே எழுதி அறிவிப்பீர்கள், துணைவர் கண்ணுக்கு அது தெரியாது. இதனை நான் மேலான ஏற்பாடு என்றே கருதுகிறேன். அமரும் முன் மின்கலத்தில் மின்சாரம் உளதா, இணைப்பு உறுதியா என்று பார்த்துக்கொள்க. இடையில் எழுந்து போனால் மூவர் காத்துக் கிடப்பர். சொடுக்குமுன் ஒருமுறை நோக்குக. விரல் தவறி ஏழு கேட்டுவிட்டு வருந்துவோர் உளர்.

ஆனால் அங்கே திரையில்லை, நடுவர் கண்ணில்லை. துணைவர் அடுத்த அறையில் இருக்கலாம். கைப்பேசி மடியில் இருக்கலாம். இன்னும் கொடிது ஒன்றுண்டு. வேறு பெயரில் பார்வையாளராக நுழைந்து, நால்வர் கையையும் கண்டுகொண்டே தம் ஆட்டத்தை ஆடினோர் இருந்தனர். இவர்கள் எவ்வாறு அகப்பட்டனர்? ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு சீட்டும் பதிவாகிறது. காரணம் தோன்றாத இடத்திலும் ஒருவர் எப்பொழுதும் சரியான சீட்டையே முதலில் இறக்கினால், நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு ஐயம் எழாமல் இராது. வல்லவரும் குருட்டாம்போக்கில் சில முறை தவறுவர். தவறாமையே அங்குச் சான்றாகிறது. பார்வையாளரை விலக்கியும், காட்சியைக் காலந்தாழ்த்திக் காட்டியும், ஆடுவோர் முகத்தைக் காணொளியில் காட்டச் செய்தும் போட்டி நடத்துவோர் இதனைக் கட்டுப்படுத்த முயல்கின்றனர். வீட்டில் தனியே அமர்ந்து ஆடும் சிறுவன் ஒருவன் அந்தச் சாளரத்தைத் திறவாமல் இருந்தால், அவனை யாரும் பாராட்டப் போவதில்லை. அவன் திறவாததை அறிந்தவனும் அவன் ஒருவனே.

இணையத்தில் பழகியோர் மண்டபத்திற்கு முதன்முறை வரும்போது இடறுவதுண்டு. அங்குப் பொறியின் காவல் இல்லை. போர்டிலிருந்து சீட்டுகளை எடுத்ததும், முகம் பார்க்கும் முன்பே கவிழ்த்தபடி பதின்மூன்றா என எண்ணுக. முதற்சீட்டைக் கவிழ்த்து இறக்குக. உங்கள் முறை அன்றெனில் திரும்ப எடுக்க இடமுண்டு. ஆடிய சீட்டுகளை நடுவில் குவித்தல் ஆகாது. பிடி முடிந்ததும் தத்தம் முன்னே கவிழ்த்து, வென்ற பக்கம் நோக்கி நீளவாட்டில் வைத்தல் வேண்டும். இறுதியில் கணக்கு மாறுபட்டால் அவ்வரிசையே சான்று. ஒரு போர்டுக்கு ஏறத்தாழ ஏழெட்டு நிமிடமே உண்டு. தோற்ற போர்டைப் பற்றித் துணைவரோடு அங்கேயே வாதாடினால், அடுத்த போர்டின் காலமும் கரையும், பக்கத்து மேசையார் செவியில் அச்சீட்டுகளின் செய்தியும் விழும். அவர்கள் அதனை இன்னும் ஆடியிருக்கமாட்டார்கள்.

பேசுவதற்குரிய நேரம் போட்டி முடிந்த பின்னர். மண்டபமாயின் எல்லாக் கைகளும் அச்சிட்ட தாள் பெரும்பாலும் கிடைக்கும். இணையமாயின் ஒவ்வொரு மேசையின் ஆட்டத்தையும் சீட்டு சீட்டாகத் திருப்பிப் பார்க்கலாம். அப்பொழுது துணைவரோடு அமர்ந்து, "நான் இரண்டாம் முறை பாஸ் சொன்னபோது என் கையில் என்ன இருக்குமென்று எண்ணினீர்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடைக்கும் உங்கள் கையில் இருந்ததற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அந்தத் தாளே காட்டும்.