சிறு தோட்டமும் சமதள ஆடியும்

சமதள ஆடியைப் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்து முடித்துவிட்டோம். பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அவ்வளவு தூரத்தில் அதன் பிம்பம் ஆடிக்குப் பின்னால் தோன்றும். அது மாய பிம்பம். இடவல மாற்றம் உடையது. இவ்வளவையும் எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றதோடு அதன் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். அந்த இரண்டு மதிப்பெண் விதியைக் கொண்டு ஒரு சிறு கொல்லையை ஏறக்குறைய இருமடங்காகக் காட்டலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இங்கிலாந்து நகரங்களில் வரிசை வீடுகளின் பின்புறத்துச் சிறு தோட்டங்களில் மதிற்சுவரில் கண்ணாடி பொருத்துவது பழகிப்போன உத்தி.

எங்கள் வீட்டுக் கொல்லை 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது. ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு நந்தியாவட்டை, துளசி மாடம், இவ்வளவுதான். கடைசிச் சுவரில் 3 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள கண்ணாடி ஒன்றை மாட்டி, பின்வாசல் பக்கம் கண்ணாடிக்கு 10 அடி தள்ளி நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு 4 அடி முன்னால் உள்ள செம்பருத்தி, எனக்கு 14 அடியில் மீண்டும் ஒருமுறை பூத்து நின்றது. என் முதுகுக்குப் பின்னாலுள்ள வீட்டுச் சுவரோ 22 அடிக்கு அப்பால் போய்விட்டது.

சுவரில் தோட்டத்தை ஓவியமாகத் தீட்டினால் இந்த மயக்கம் ஏற்படுவதில்லை. காரணம் கவனிக்கத்தக்கது. ஓவியத்தில் அருகிலுள்ள மரமும் தொலைவிலுள்ள மரமும் ஒரே தளத்தில்தான் உள்ளன. தலையைச் சற்று அசைத்தால் ஒன்றுக்கொன்று நகராமல் நின்று குட்டை உடைத்துவிடும். ஆடியிலோ, ஆய்வுக்கூடத்தில் ஊசிகளை நட்டுப் பார்க்கும் இடமாறு தோற்றம் அப்படியே நிகழ்கிறது. கண்வில்லையும் 22 அடிக்கே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. புகைப்படக் கருவியால் அந்தப் பிம்பச் சுவரைத் தெளிவாகப் படமெடுக்க விரும்பினால், தூர வளையத்தை 22 அடியில்தான் வைக்க வேண்டும். 10 அடியில் வைத்தால் கண்ணாடியின் தூசிதான் தெளிவாக விழும்.

எவ்வளவு அகலம் தெரியும் என்பதையும் கணக்கிடலாம். கண்ணிலிருந்து ஆடி 10 அடி, ஆடியிலிருந்து செடி 5 அடி என்றால், 3 அடி ஆடியில் 3 × 15 ÷ 10, அதாவது 4½ அடி அகலம் தெரியும். ஆடியை 5 அடிக்கு நெருங்கினால் 6 அடி தெரியும். சன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான்.

ஆனால் ஆடிக்கு நல்லது கெட்டது தெரியாது. தோட்டம் இரட்டிப்பது போலவே கொடியில் காயும் துணியும் இரட்டிக்கும். அதைவிடப் பெரிய இடர், பார்ப்பவர் தம்மையே காண்பது. எதிரே ஒருவர் நம்மைப் போலவே சட்டையணிந்து நின்றால் அது தோட்டமன்று, கண்ணாடி என்று மனம் சொல்லிவிடும். இதற்கும் பாடநூலிலேயே மருந்து உண்டு. ஆடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளித்த கதிர் அதைப்போல் இருமடங்கு திரும்பும். என் கண்ணாடியின் ஒரு விளிம்பைச் சுவரிலிருந்து 6 அங்குலம் முன்னே இழுத்தேன். அது ஏறத்தாழ 10 பாகைத் திருப்பம். பார்வைக் கோடு 20 பாகை ஒதுங்கி, நான் நிற்கும் இடத்தை எட்டும்போது 3½ அடிக்கு மேல் விலகிவிடுகிறது. என் உருவம் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட, அங்கே கறிவேப்பிலை வந்து நின்றது. மேல் விளிம்பையும் 4 அங்குலம் முன்னால் சாய்த்தால் பார்வை 10 பாகை தாழும். வானம் குறைந்து தழை மிகும். விளிம்பு தெரியாதபடி கொடியைப் படரவிடுவது மீதி வேலை.

தோட்டத்தையும் ஆடியையும் இணைத்ததில் பெரும் எடுத்துக்காட்டு பிரான்சின் வெர்சாய் அரண்மனை. 1684 இல் முடிந்த 73 மீட்டர் நீள ஆடி மண்டபத்தில், தோட்டத்தை நோக்கிய 17 சன்னல்களுக்கு எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. வெளியிலிருக்கும் தோட்டம் உட்சுவரிலும் விரிந்தது. அக்காலக் கண்ணாடிகளுக்குப் பின்பூச்சு வெள்ளீயமும் பாதரசமும் கலந்த கலவை. அதன் ஆவி தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1835 இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்ட பிறகு பாதரசம் மெல்ல விலகியது. நாம் மட்டும் இன்னும் 'ரசம் போன கண்ணாடி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

வெளியில் வைத்தால் அந்த 'ரசம்' விரைவில் போகும். ஈரம் விளிம்பு வழியே புகுந்து கரும்புள்ளிகளை உண்டாக்கும். விளிம்பிலும் முதுகிலும் வண்ணம் பூசி, சுவரோடு ஒட்டாமல் காற்றோட இடம் விடவேண்டும். உடையாது என்று அக்ரிலிக் தகட்டை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். வெப்பத்தால் அது கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் தகடு 30 பாகை செல்சியசு வெப்பநிலை உயர்வில் 2 மில்லிமீட்டர் நீளும். திருகாணித் துளை இறுக்கமாயிருந்தால் தகடு வளையும். ஒரு மீட்டர் அகலத்தில் நடுப்பகுதி 2 சென்டிமீட்டர் குழிந்தாலே அது சுமார் 3 மீட்டர் குவியத் தூரமுள்ள குழியாடியாகிவிடும். வைக்கோலோ காய்ந்த கீற்றோ அந்தத் தூரத்தில் இருப்பது நல்லதன்று. 2013 இல் லண்டன் பென்சர்ச் தெருவில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, கீழே நின்ற காரின் பாகங்களை உருக்கியது.

திசையிலும் நம் நாட்டுக்கென்று ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் வடக்கு நோக்கிய ஆடியில் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் விழாது. சென்னையிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடு வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த ஒளி காலடியில்தான் விழும் என்பதால் தொல்லை சிறிது. கிழக்கும் மேற்கும் நோக்கிய ஆடிகளே காலை மாலைத் தாழ்வெயிலைக் கண்ணில் வீசுகின்றன.

இனி, நான் மிகவும் கவலைப்படும் செய்தி. நாம் விரும்பி ஏமாறுகிறோம்; பறவை அறியாமல் ஏமாறுகிறது. ஆடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பிப் பறந்து மோதுகிறது. அமெரிக்காவில் கட்டடக் கண்ணாடிகளில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் இறப்பதாக 2014 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மோதாதவை சண்டையிடும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தேன்சிட்டு தன் உருவத்தையே எதிரியென்று கொத்துவதை நம்மில் பலர் கண்டிருப்போம். ஐரோப்பிய மாக்பை ஆடியில் காண்பது தன்னையே என உணர்வதாக 2008 இல் ஒரு சோதனை காட்டியது. நம் தேன்சிட்டுக்கு அந்தத் தெளிவு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே வெறும் ஆடியைத் தோட்டத்தில் வைப்பது தகாது என்பது என் கருத்து. 2 அங்குலக் கட்டங்களாக மரச்சட்டம் அடித்து ஆடிக்கு முன் பொருத்தினால், அந்த இடைவெளியில் நுழைய முடியாதென்று பறவை விலகும். நமக்கோ அது பலகணி வழியே அடுத்த தோட்டத்தைப் பார்ப்பது போலிருக்கும். மயக்கம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. எங்கள் கொல்லையில் தச்சரைக் கொண்டு அப்படித்தான் செய்திருக்கிறோம். சட்டத்தின் மேல் உட்கார்ந்தபடியே கொத்தும் தேன்சிட்டுக்கு அதுவும் போதவில்லை. அது கூடு கட்டும் காலத்தில் மட்டும் ஒரு கோணிச் சாக்கைக் கண்ணாடியின் மேல் தொங்கவிடுகிறோம்; குஞ்சுகள் பறந்த பிறகு எடுத்துவிடுகிறோம்.