அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்

மூணாறு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவரை அம்மா ஓடியாடிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று எங்களோடு வந்தபின் டிவியே கதி. சர்க்கரையும் ஏறுகிறது. வாக்கிங் போகச் சொன்னால் கோபப்படுகிறார். என்ன செய்வது?
- வாசகி, போடிநாயக்கனூர்

கோபம் நியாயம்தானே! காலமெல்லாம் கொழுந்து சுமந்து மேடேறியவரிடம் சும்மா தெருவைச் சுற்றிவரச் சொன்னால்? லயத்தில் வாசலைத் தாண்டினாலே சரிவு; கடை, கோயில், தேயிலைக்காடு எல்லாமே நடைதான். உங்கள் வீட்டிலோ குழாய் உள்ளே, பால் வாசலில். அதனால் வேலை கொடுங்கள்: காலையில் பால், மாலையில் கீரை வாங்குவது அவர் பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும், சர்க்கரையும் அடங்கும். பக்கத்தில் இன்னொரு எஸ்டேட் அக்கா இருந்தால் ஜோடி சேர்த்துவிடுங்கள். பேச்சு முடிவதற்குள் மூன்று தெரு முடிந்திருக்கும்!