கட்டில் காலுக்கு அடியில் நாலு செங்கல்

முதலில் காட்டிக்கொடுத்தது கொலுசுதான். காலையில் விழுப்புரத்தில் ரயில் ஏறும்போது கணுக்காலில் தொளதொளவென்று ஆடும். இரவு கடை ஷட்டரை இறக்கும் நேரத்தில் அதே கொலுசு சதைக்குள் அமுங்கிக் கிடக்கும். கழற்றினால் ஒவ்வொரு கண்ணியும் தோலில் அச்சாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அது மறைவதற்குள் பத்து வரை எண்ணிவிடலாம்.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் 16 வருஷம் இருந்தேன். காலை 9.30 முதல் இரவு 8.30 வரை நின்றபடியே வேலை. கல்லாவில் இருப்பவரைத் தவிர யாருக்கும் நாற்காலி கிடையாது. ஆள் வராத மத்தியான வேளையிலும் உட்காரக் கூடாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் நேரக் கணக்கே இல்லை. கால் வீங்குவதை வெயில், வயசு, உப்பு என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு பச்சையாகப் புடைத்து மண்புழுபோல் நெளிந்தது. உள்பக்கக் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து ஓயாமல் அரித்தது. அதற்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் இரவு கால் கழுவும்போது அந்த அரிப்பைச் சொறிந்தேன். நகம் பட்ட இடத்திலிருந்து ரத்தம் நூல்போல் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடித்தது. வலியே இல்லை. பயந்துபோய் நின்றபடியே தண்ணீரை ஊற்ற ஊற்ற இன்னும் வேகமாக வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு ரிட்டயர்டு நர்ஸம்மா, "நிக்காதம்மா, முதல்ல படு" என்று அதட்டி, என்னைத் தரையில் படுக்க வைத்தார். காலைத் தூக்கி ஸ்டூல் மேல் போட்டு, துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. நரம்பு சுருண்ட கால் உள்ள யார் வீட்டிலும் இந்த ஒரு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். படுக்க வைத்து, காலைத் தூக்கி, அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் உடம்பு ரத்தமெல்லாம் அந்தச் சின்ன ஓட்டையை நோக்கியே இறங்கும்.

மறுநாள் முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாப்ளர் ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க ஊர்ல மோட்டார் கிணறு இருக்கா? ஃபுட் வால்வு பழுதானா என்ன ஆகும்?" என்று கேட்டார். மயிலம் பக்கத்து விவசாயி மகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயில் ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடும். அப்பா ஒவ்வொரு தடவையும் குடத்தில் தண்ணீர் ஊற்றி மோட்டாரைக் கிளப்புவார்.

காலும் அப்படித்தான். பாதத்திலிருந்து நெஞ்சுக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்க்குச் சிரை என்று பெயர். அதற்குள் வரிசையாகக் குட்டி வால்வுகள் உண்டு. மோட்டார் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் மோட்டார் ஓடவில்லை. அப்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போகுமாம். வால்வு நன்றாக உள்ளவர் நடந்தால் அது 30க்குக் கிட்டத்தில் இறங்கிவிடும். வருஷக்கணக்காக அந்த அழுத்தத்தைத் தாங்கி என் வால்வுகள் விட்டுப்போயிருந்தன. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கினால் மோட்டாரும் வேண்டாம், வால்வும் வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் தண்ணீர் ஓடுவதுபோல் ரத்தம் தானே இறங்கும், தேங்கிய நீரும் வடியும். புடைத்த நரம்பு இதனால் மறையாது, கெட்ட வால்வு சரியாகாது. டாக்டர் அதைத் தெளிவாகவே சொன்னார். வீக்கம், பாரம், இரவில் வரும் குடைச்சல் ஆகியவை குறையும், தோல் புண்ணாகாமல் காக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று தலையணையை அடுக்கிக் குதிகாலை மட்டும் அதன்மேல் வைத்தேன். முழங்கால் காற்றில் தொங்கியது. காலையில் முட்டியும் இடுப்பும் கழன்றுபோன மாதிரி வலி. தலையணைகளோ எப்போதோ உருண்டு கீழே கிடந்தன. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் தாங்கலாக இருக்க வேண்டும், முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், குதிகால் எதிலும் அழுந்தக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது. குதிகால் அழுந்தாமல் பார்ப்பது சர்க்கரை உள்ளவர்களுக்கு ரொம்ப முக்கியம். மரத்துப்போன காலில் புண் வந்தால் தெரியவே தெரியாது.

ராத்திரிக்கு வழி சொன்னதும் நர்ஸம்மாதான். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல், மொத்தம் நாலு. படுக்கையாக அடுக்கினால் ஆறு அங்குலம் உயரும். கட்டிலே சாய்ந்திருப்பதால் புரண்டு படுத்தாலும் கால் உயரத்திலேயே இருக்கும். ஆடாமல் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் 20 நிமிஷம் தரையில் படுத்து, கெண்டைக்காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்வேன். சாப்பாடு அதற்குப் பிறகுதான். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு பலன். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராகி, ராத்திரி மூன்று முறை என்னை எழுப்பிக்கொண்டிருந்தது. சாயங்காலமே காலைத் தூக்கிவைத்து அதை வடியவிட்டதில் அது ஒரு முறையானது. டாக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன், படுக்கையிலேயே மாட்டிவிடுவேன். ரயிலில் உட்கார்ந்தால் மயிலம் ஸ்டேஷனிலிருந்து பேரணி வரும்வரை பாதத்தைத் தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதிப்பேன்.

என் கால் லேசானதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரரும் செங்கல் கட்டிலுக்கு வந்தார். அவருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். முப்பது வருஷப் பீடிப் பழக்கம். காலை உயர்த்திப் படுத்த அன்றிரவே வலி அதிகமாகி, எழுந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொங்கப் போட்டால் சுகமாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார்; சரியாகக் கிடைக்கவில்லை. அவருக்கு அடைப்பு, காலுக்கு ரத்தம் இறங்கிவரும் குழாயில். அப்படிப்பட்ட காலைத் தூக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் வராது. செங்கல் எனக்கு மருந்து, அவருக்குக் கெடுதல். பீடியை அன்று விட்டவர் இன்றுவரை தொடவில்லை.

அதனால்தான் கடைப் பிள்ளைகளிடம் செங்கல் பற்றிப் பேசும் முன்னால் வீக்கத்தைப் பற்றிக் கேட்பேன். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் காலை உயர்த்திப் படுத்தால் மூச்சு இன்னும் திணறும். சிறுநீரகம், கல்லீரல் கெட்டாலும் கால்தான் வீங்கும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால்கூட வீங்கும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது.

2021 செப்டம்பரில் நம் சட்டசபையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். மூலச் சட்டம் 1947ஆம் வருஷத்தது. கேரளத்தில் 2018லேயே அது வந்துவிட்டது, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் எங்களைப்போல் துணிக்கடையில் நின்ற பெண்கள் போராடியதால். செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். எங்கள் கடையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, ஒன்பது பெண்களுக்கு. முறைவைத்து உட்கார்ந்தோம்.

கால் வீங்கிக் கிடந்த நாளில் ஆரம்பித்த ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் நாலு விரற்கடை அளந்து, காலையில் ஒரு நூலைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் முடிச்சுப் போடுவேன். இரவு அதே இடத்தில் அதே நூல். செங்கல் வைப்பதற்கு முன் முனைகள் ஒரு விரல் அகலம் எட்டாமல் நின்றன. நேற்று இரவு சுற்றிப் பார்த்தேன். முடிச்சுக்கும் முனைக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவுதான் இடைவெளி.